முன்கதவு வழியாக வந்த ஒஃபேலியா

எங்கள் ஊர் வாஸ்பியில் வீட்டுக்கு முன்கதவு என்று ஒன்று வைத்திருப்பது பிணம் வெளியே போகவும் பாதிரியார் உள்ளே வரவும்தான். மற்ற எல்லாரும் பின்பக்கமாகச் சுற்றி வந்து, பூட்ஸைக் கழற்றிவிட்டு, சமையலறை வழியாகத்தான் நுழைவோம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்தது கிடையாது. மாடு தொழுவத்துக்குப் போக வழி கேட்கிறதா என்ன? அதனால் ஒஃபேலியாவுக்கும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் டெல்பர்ட் கிழவர் அந்தக் குளிர்காலத்தில் செத்திருக்க மாட்டார். செத்த மறுநாள் அவ்வளவு சாப்பிட்டிருக்கவும் மாட்டார்.

ஒஃபேலியா ரெண்டோன் டெக்சாஸின் தென்கோடியில், லாரெடோவில் பிறந்தவள். அவள் மாமா அங்கே சவ அடக்க இல்லம் நடத்தினார். பிணத்தைக் குளிப்பாட்டுவது, பெட்டி தூக்குவது, அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் இவள் வேலை. வாசல் பலகையில் பெயர் மட்டும் மாமா பிள்ளைகளுக்கு. நாற்பது வயதை நெருங்கும்போது ஒருநாள், என் பெயருக்குப் பலகை எங்கே இருக்கிறதோ அங்கே போகிறேன் என்று பெட்டியைக் கட்டிவிட்டாள். அந்தப் பலகை மினசோட்டாவில், தானியக் கிடங்கையும் தண்ணீர்த் தொட்டியையும் விட்டால் உயரமாக எதுவும் இல்லாத எங்கள் ஊரில் இருந்தது. அக்டோபர் கடைசியில் வந்து இறங்கினாள். அவள் போட்டிருந்த கோட்டை நான் சட்டை என்றுதான் நினைத்தேன்.

அவளை வரவழைத்தது விவியன் ஸ்டோர்லி. விவியனின் கணவர் ஆரின்தான் ஊரில் போனவர்களையெல்லாம் அடக்கம் செய்தவர். அவரே போனபோது, அவரை அடக்க ஆளில்லாமல் பக்கத்து ஊர் ஹோவிக்கிலிருந்து ஒருவனைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அந்த வெட்கம் தாங்காமல் விவியன் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தாள். ஆனால் வந்தவளிடம் முதல் நாளே கறாராகப் பேசிவிட்டாள். நான் எதிர்வீடு. வரவேற்பாக ஒரு பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுபோய்ப் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

"இந்த ஊர்க்காரங்க செத்தாக்கூட தெரியாதவங்க கையில போக மாட்டாங்க, ஒஃபேலியா. ஹோவிக்காரன்கிட்ட போறோம்னு இப்பவே காபிக் கடையில பேசிக்கிறாங்க. பனி உருகற வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள ஒரே ஒரு வீட்டுக்காரங்க உன்னை நம்பி ஒப்படைச்சாப் போதும், இடம் உனக்கு. இல்லேன்னா இந்தக் கட்டடத்தை டிராக்டர் கடைக்காரனுக்குத் தள்ளிட்டு நான் அரிசோனாவுல எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

"யாராவது செத்தாத்தானேம்மா ஒப்படைக்க முடியும்?"

"அது கர்த்தர் பாத்துப்பார். குளிர்காலத்துல வழக்கமா நடக்கும்."

நடக்கவில்லை. கர்த்தருக்கு எங்கள் ஊர்க்காரர்களைத் தெரியாதா? எங்கள் நாற்சந்தியில் நாலு பக்கமும் வண்டி வந்து நின்றால், "நீங்க போங்க, நீங்க போங்க" என்று நாலு பேரும் கையசைத்தபடி பால் திரியும்வரை நிற்போம். சர்ச் விருந்தில் மேசை நிறையச் சாப்பாடு ஆறிக் கிடக்கும், முதல் தட்டை எடுக்க ஆள் இருக்காது. கடைசித் துண்டு கேக்கைப் பாதியாக வெட்டுவோம், பாதியைப் பாதியாக வெட்டுவோம், எறும்புக்குக் காணாத அளவுக்கு ஆனாலும் எடுத்து வாயில் போட மாட்டோம். இப்படிப்பட்ட ஊரில் மற்றவர்களை முந்திக்கொண்டு சாக யாருக்கு மனசு வரும்?

பாவம், அவளும் பழகப் பார்த்தாள். கடைவீதியில் யாரைக் கண்டாலும், "எப்படி இருக்கீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். சவப்பெட்டிக்காரி அப்படிக் கேட்டால் ஈரக்குலை நடுங்காதா? "நல்லா இருக்கேன்! ரொம்ப நல்லா இருக்கேன்!" என்று கத்திவிட்டு ஓடுவார்கள். கைத்தடி ஊன்றும் கிழங்களெல்லாம் அவள் ஜன்னலைக் கடக்கும்போது தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பட்டாளத்தான் மாதிரி நடந்தார்கள். அதிலேயே பாதிப் பேருக்கு இடுப்பு வலி போய்விட்டது. அவள் பிழைப்பு அப்படிக் கெட்டது.

ஒருநாள் சர்ச் மாதர் சங்கத்தை வீட்டுக்கு அழைத்தாள். "காபி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றோம். உடனே பாத்திரத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்! நாங்கள் வறண்ட வாயோடு உட்கார்ந்து வானிலையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினோம். சங்கத்துக்குத் தலைமை பெர்னிஸ். கால்வாசி வழியில் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன பொண்ணு இவ? ஒரே தடவை கேட்டுட்டு விட்டுட்டா!"

மறுநாள் நான் போய், மூன்று தடவை கேட்க வேண்டும், மூன்றாவது தடவை 'அரை கப்' என்பார்கள், அப்போது முழுக் கப் ஊற்ற வேண்டும் என்று சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"தோன்யா ஆல்மா, எங்க ஊர்ல வேண்டாம்னு சொன்னாலே வாயில ஊத்திடுவாங்க. மூணு தடவை கேக்கறதுக்குள்ள ஆறிப்போயிடும்."

தோன்யா என்பது அவர்கள் பக்கத்தில் வயதான பெண்களை மரியாதையாகக் கூப்பிடுவது, ஆண்களைத் தோன் என்பார்கள். என்னை அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்குப் பிடித்திருந்தது, சொல்லிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி வந்தது. விவியன் காலண்டரையும் அரிசோனா வரைபடத்தையும் மாறி மாறிப் பார்க்க ஆரம்பித்தாள். அப்போதுதான் டெல்பர்ட் குவாமுக்குச் சளி பிடித்தது.

டெல்பர்ட் தொண்ணூறு தாண்டிய கட்டைப் பிரம்மச்சாரி. ஊர் ஓரத்துப் பண்ணை வீட்டில் தனியாக இருந்தார். தொலைபேசிகூட வைத்துக்கொள்ளவில்லை. ஒரு காலத்தில் வைத்திருந்தார். யாரும் கூப்பிடாததால் கோபித்துக்கொண்டு கழற்றிவிட்டார். காபிக் கடையில், "என்னை ஹோவிக்காரன்தான் எடுப்பான்" என்று மேசையைத் தட்டிச் சொன்ன முதல் ஆளும் அவர்தான். அந்தச் சேதி ஒஃபேலியா காதுக்கும் போயிருந்தது. ஆனாலும் அவருக்கு உடம்பு சரியில்லை என்றதும் நேரே என்னிடம்தான் வந்தாள்.

"ஒருத்தருக்கு உடம்பு முடியலேன்னா இங்க என்ன செய்வாங்க, தோன்யா?"

"ஹாட்டிஷ் கொண்டு போவோம்" என்றேன். ஹாட்டிஷ் என்றால் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. கொத்துக்கறி, டப்பாவில் வரும் காளான் சூப், மேலே உருளைக்கிழங்கு உருண்டைகளை வரிசையாக அடுக்கி அடுப்பில் வைத்து எடுப்பது. கல்யாணமோ, காய்ச்சலோ, சாவோ, எங்களுக்கு எல்லாவற்றுக்கும் அதுதான். கதவு மட்டும்தான் மாறும். கதவைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது என் தப்பு என்று பெர்னிஸ் இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ளவும் மாட்டேன்.

ஒஃபேலியா ஹாட்டிஷ் செய்தாள். சும்மா செய்தாளா? லாரெடோவிலிருந்து அம்மா அனுப்பியிருந்த பச்சை மிளகாயைச் சுட்டு உரித்து உள்ளே போட்டாள். எங்கள் ஊரில் மிளகுத்தூளையே காரம் என்று எட்டத்தில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். பாத்திரத்தை வெள்ளைத் துணியால் மூடிக் கட்டினாள். அவள் சொந்தக் கார் குளிரில் விறைத்துப்போய்க் கிளம்பவில்லை. இருந்த ஒரே வண்டி சவ வண்டி. கறுப்பாக, நீளமாக, பளபளவென்று அதை ஓட்டிக்கொண்டு போய் டெல்பர்ட்டின் வாசலில் நிறுத்தினாள். அவருடைய அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அந்த முன்படியை யாரும் மிதித்ததில்லை. இவள் வண்டியிலிருந்து மண்வாரியை எடுத்து, இடுப்பளவு பனியை ஒதுக்கி, இரண்டு கையாலும் பாத்திரத்தை ஏந்தி, முன்கதவைத் தட்டினாள்.

பெர்னிஸின் சமையலறை ஜன்னல் நேர் எதிரே.

என் வீட்டுத் தொலைபேசி உடனே அடித்தது.

"ஆல்மா" என்றாள் பெர்னிஸ். "டெல்பர்ட்..."

"ஓ" என்றேன்.

"ம். முன்கதவைத் திறந்தாச்சு."

"அடடா. வண்டி வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. வெள்ளைத் துணியோட."

"நல்லா வாழ்ந்தார்."

"வாழ்ந்தார், வாழ்ந்தார். குறை சொல்ல முடியாது. ஹோவிக்காரன்னு சொல்லிட்டிருந்தார். கடைசியில இவதான் வந்திருக்கா பாரு."

"கடைசி நேரத்துல புத்தி வந்திருக்கும். நீ பன்னுக்குப் பன்றிக்கறி வாங்கிடு. நான் எலுமிச்சை பார் கேக் போட்டுடறேன்."

கவனித்தீர்களா? செத்தார் என்ற வார்த்தை எங்கள் இரண்டு பேர் வாயிலும் வரவில்லை. அந்த மாதிரிக் கொச்சையான வார்த்தையை நாங்கள் தொலைபேசியில் பேசுவதில்லை. போய்ப் பார்த்துக் கேட்கலாமே என்பீர்கள். துக்க வீட்டில் போய், என்ன ஆயிற்று என்று கேட்பதா? எங்களை என்னவென்று நினைத்தீர்கள்?

உள்ளே நடந்ததை ஒஃபேலியா பிறகு எனக்குச் சொன்னாள். முன்கதவு கிறீச்சிட்டுத் திறந்ததும் டெல்பர்ட் முதலில் அவளைப் பார்த்தார், பிறகு அவள் தோளுக்குப் பின்னால் நின்ற வண்டியைப் பார்த்தார்.

"என்னம்மா, இன்னும் ரெண்டு நாள் பொறுக்கக் கூடாதா?"

"சாப்பாடு கொண்டு வந்தேன், தோன் டெல்பர்ட்."

"துணியை எடுத்துக் காட்டு. உள்ளே அளவு நாடா வச்சிருப்பே."

ஒரு வாய் சாப்பிட்டார். கண் பிதுங்கியது. மூக்கில் தண்ணீர் கொட்டியது. "இது சாப்பாடா, இல்லே உசுரோட எரிக்கிற புது முறையா?" என்று கேட்டுவிட்டு இரண்டாவது தட்டுக்குக் கையை நீட்டினார். மூன்றாவது தட்டு முடியும்போது சட்டை நனைந்து, சளி போன இடம் தெரியவில்லை. சவ அடக்கம் செய்ய வந்தவள், ஊரில் சாவதற்குத் தோதாக இருந்த ஒரே ஆளையும் பிழைக்க வைத்துவிட்டாள்.

அவள் கிளம்புவதற்குள் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. வாசலில் நின்ற வண்டி கண்ணுக்குத் தெரியவில்லை. சரி என்று இரண்டு பேரும் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து புயல் ஓயும்வரை சீட்டு ஆடியிருக்கிறார்கள். ஊருக்குள்ளே என்ன பேச்சென்றால், "பாத்தியா, அந்தப் பொண்ணு அவரைத் தனியா விட்டுட்டு வரலை. கூடவே உக்காந்திருக்கா. நம்ம ஆரின் இருந்திருந்தா சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்திருப்பான்." விவியன் மகிழ்ச்சியை அடக்க முடியாமல், துக்க முகத்தோடு பெட்டி அறையைத் தூசி தட்டினாள்.

மறுநாள் காலை வானம் வெளுத்தது. பனிவாரி வண்டி சாலையைச் சுத்தம் செய்தது. பழைய பட்டாளத்தார் சங்கத்தில் கொடியைப் பாதிக் கம்பத்துக்கு இறக்கினார்கள். சர்ச் அடித்தளத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் பெரிய காபிப் பானை கொதித்தது. பன்றிக்கறி வைத்த பன்கள், பச்சை ஜெல்லி, உருளைக்கிழங்கு, என்னுடைய எலுமிச்சை பார் எல்லாம் மேசையில் வந்துவிட்டன. நடுவில் டெல்பர்ட் பட்டாளத்தில் இருந்தபோது எடுத்த படத்தை மெழுகுவர்த்தியோடு வைத்தார்கள். அடக்கம் எத்தனை மணிக்கு என்று யாருக்கும் தெரியாது. ஒஃபேலியா வந்து சொல்வாள் என்று காத்திருந்தோம்.

வந்தாள். சவ வண்டி மெல்ல, மிக மெல்ல, வழுக்கும் சாலையில் ஊருக்குள் நுழைந்தது. சாலையோரம் ஆண்கள் அந்தக் குளிரில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தார்கள். நாற்சந்தியில் எல்லா வண்டியும் நின்று வழிவிட்டது. எங்கள் ஊரில் ஒரு வண்டி முதல் தடவையிலேயே நாற்சந்தியைக் கடந்தது அன்றுதான். சர்ச் வாசலில் வந்து நின்றது. பெட்டி தூக்க ஆறு பேர் பின்கதவுப் பக்கம் போனார்கள்.

முன்கதவு திறந்தது. டெல்பர்ட் இறங்கினார்.

"மூக்குப்பொடி தீந்துபோச்சு" என்றார். "அதுக்காக வந்தேன். ஏன் எல்லாரும் தொப்பியைக் கழட்டிட்டு நிக்கறீங்க? மண்டை விறைச்சுப்போகும்."

பாதிரியார் இருமினார்.

டெல்பர்ட் கொடியைப் பார்த்தார். "யாரு போனது?"

"நம்மாளுதான்" என்றார் பெட்டி தூக்க வந்தவர்களில் ஒருவர், பனியைப் பார்த்துக்கொண்டு.

"அடப்பாவமே. நல்ல ஆளா?"

"பரவாயில்லாத ஆளு."

காபி வாசனை டெல்பர்ட்டை இழுத்தது. நேரே அடித்தளத்துக்கு இறங்கிவிட்டார். சாப்பாட்டு வரிசையில் முதல் தட்டை எடுக்க எப்போதும் ஆள் கிடைக்காது என்றேன் அல்லவா? அன்றைக்கு அவரே எடுத்தார். துக்கத்துக்கு வந்தவன் அழுதுகொண்டு நிற்பதைவிடச் சாப்பிடுவது மரியாதை என்பது அவர் கொள்கை. நாங்கள் அவரைச் சுற்றி நின்று, அவர் மெல்லுவதைப் பார்த்தோம். ஒரு மனுஷனிடம் போய், ஐயா செத்தது நீங்கள்தான் என்று எப்படிச் சொல்வது? அதற்கு எங்கள் ஊரில் முறை கிடையாது.

"யாருன்னு சொல்லித் தொலைங்களேன்" என்றார் வாயில் பன்னோடு. "நான் அழணுமா வேண்டாமா?"

பிறகு எலுமிச்சை பாருக்குக் கை நீட்டினார். மெழுகுவர்த்தி தடுத்தது. படத்தைப் பார்த்தார். எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு, அதே இடத்தில் வைத்தார்.

"நல்ல படம்" என்றார். "அப்ப எனக்குக் காது சின்னதா இருந்திருக்கு."

"உடம்பு எப்படி இருக்கு டெல்பர்ட்?" என்று பெர்னிஸ் ஈனக்குரலில் கேட்டாள்.

"செத்தவனுக்கு நல்லா பசிக்குது, பெர்னிஸ்."

ஒருவர் சிரித்தார், பிறகு அடக்கிக்கொண்டார். விவியன் மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகம் பன்றிக்கறி மாதிரி சிவந்திருந்தது. எல்லார் முன்னாலும் ஒஃபேலியாவைப் பார்த்துச் சொன்னாள்.

"போதும்மா. பனி உருகற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். உயிரோட இருக்கிற மனுஷனைச் சவ வண்டியில வச்சு ஊர்வலம் விட்டவ கையில இனிமே யாரு தன் வீட்டுச் சாவைக் குடுப்பாங்க? ஹோவிக் வரைக்கும் சிரிப்பாங்க. நாளைக்கு டிராக்டர் கடைக்காரன்கிட்ட பேசிடறேன்."

ஒஃபேலியா காலிப் பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். நடந்தது இன்னதென்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"உடம்பு முடியாதவருக்குச் சாப்பாடு கொண்டு போனேன். அவ்வளவுதான்மா" என்றாள். அந்தச் சட்டை மாதிரி கோட்டை மாட்டிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள்.

"எங்கே போறே? உக்காரு" என்றார் டெல்பர்ட். தட்டைக் கீழே வைத்தார். அவர் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "விவியன், நான் ஏன் ஹோவிக்காரன்கிட்ட போறேன்னு சொன்னேன், தெரியுமா?"

"தெரியாது."

"உன் புருஷன் நல்லவன்தான். ஆனா என்னைப் பாக்கறப்பல்லாம் உச்சந்தலையிலேருந்து கால் வரைக்கும் கண்ணாலயே அளப்பான். நான் பாட்டுக்குக் காபிக் கடையில ஆப்பிள் பை தின்னுட்டிருப்பேன், அவன் பெட்டிக்கு அகலம் பாப்பான். முப்பது வருஷம் எனக்கு அந்தக் கடையில பை இறங்கலை. புதுசா வர்றவளும் அப்படித்தான்னு நினைச்சேன். இந்தப் பொண்ணு நேத்தெல்லாம் என் எதிர்லயே உக்காந்திருந்தா. ஒரு தடவைகூட அளக்கலை. என் கையில இருந்த சீட்டைத்தான் எட்டி எட்டிப் பாத்தா."

"நான் பாக்கலை!" என்றாள் ஒஃபேலியா.

"பாத்தே. இருக்கட்டும். விவியன், என்னை இவதான் எடுக்கணும். சர்ச்சுல வச்சுச் சொல்லிட்டேன்."

விவியன் யோசித்தாள். "எப்போ?"

"என்ன அவசரம்? எங்கம்மா நூறு தாண்டினா. அதுவரைக்கும் கடையைத் திறந்து வை. நான் வந்து கதவைத் தட்டும்போது டிராக்டர் இருந்தா நல்லா இருக்காது."

நாங்கள் ஆளுக்கொரு கோப்பை காபி பிடித்துக்கொண்டோம். பிறகு பெர்னிஸ் தொண்டையைச் செருமினாள்.

"என்னையும்... உனக்குத் தொந்தரவு இல்லேன்னா, ஒஃபேலியா. கட்டாயம் இல்லே."

"எனக்கும் ஒண்ணும் ஆட்சேபம் இல்லே" என்றார் பெட்டி தூக்க வந்தவர். "ஆனா பெர்னிஸ் முதல்ல போகட்டும்."

"ஐயையோ, நான் எதுக்கு? நீங்க போங்க."

"சேச்சே, பெண்கள் முதல்ல."

"வயசுல பெரியவங்க முதல்ல" என்று நான் டெல்பர்ட்டைக் காட்டினேன்.

"நான் இப்பத்தானே ஒருதடவை போயிட்டு வந்தேன்" என்றார் அவர்.

அடித்தளம் முழுக்க ஒருவரையொருவர் முன்னே போகச் சொல்லித் தள்ளிக்கொண்டிருந்தோம். சர்ச்சில், கையில் காபிக் கோப்பையோடு கொடுத்த வாக்கை வாஸ்பியில் மீறியவர் இல்லை. அது விவியனுக்கும் தெரியும். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

ஒஃபேலியா கோட்டைக் கழற்றினாள். பானையிலிருந்து காபி பிடித்துக்கொண்டு விவியன் முன்னால் போய் நின்றாள்.

"காபி குடிக்கிறீங்களாம்மா?"

"வேண்டாம்."

"கொஞ்சமா?"

"வேண்டாம்மா, உனக்கு எதுக்குச் சிரமம்."

"ஒரு வாயாவது?"

விவியன் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "சரி. அரை கப்."

ஒஃபேலியா விளிம்புவரை ஊற்றினாள்.

முதலில் போனது யார் என்று கேட்பீர்கள். ஹோவிக்காரன். ஏப்ரலில், நல்ல திடகாத்திரமான ஆள், மீன்பிடிக்கப் போகப் படகைச் சரிபார்க்கும்போது போய்விட்டான். முந்திக்கொள்வது அந்த ஊர்ப் பழக்கம். அவனை அடக்க ஆளில்லாமல் ஹோவிக்கிலிருந்து ஒஃபேலியாவுக்குத்தான் சொல்லி அனுப்பினார்கள். விவியன் அந்த அடக்கத்துக்கு நீல உடை உடுத்திக்கொண்டு, முன்வரிசையில், திருப்தியாக அழுதாள். அந்தக் கோடையில் பலகை மாறியது. ஸ்டோர்லி என்றிருந்த இடத்தின் கீழே ரெண்டோன் என்று எழுதி மாட்டினார்கள். விவியன் அரிசோனாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, அங்கே வெயில் அதிகம் என்று திரும்பி வந்துவிட்டாள்.

டெல்பர்ட் இன்னும் ஏழெட்டு வருஷம் இருந்தார். ஒவ்வொரு ஜூலை ஊர்வலத்திலும் சவ வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு மிட்டாய் வீசினார். மண் இளகிய ஒரு மே மாதத்தில், யாருக்கும் தொந்தரவு இல்லாமல் போனார். அன்றைக்கு ஒஃபேலியா அந்த முன்படியில் நின்று கதவைத் தட்டியபோது பெர்னிஸ் ஜன்னலிலிருந்து பார்த்தாள். பார்த்துவிட்டு நம்பவில்லை. சாலையைத் தாண்டிப் போய், உள்ளே எட்டிப் பார்த்து, "டெல்பர்ட், நிஜமாத்தானா?" என்று கேட்டாள். வாஸ்பியில் துக்க வீட்டில் வாய்விட்டுக் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

இப்போது ஒஃபேலியாவுக்கும் தலை நரைத்துவிட்டது. எங்கள் ஊர்க்காரர்களைவிடக் கனமான கோட்டுப் போடுகிறாள். எனக்குச் சளி பிடித்தால் பச்சை மிளகாய் போட்ட ஹாட்டிஷ் வருகிறது, பின்பக்கமாக, பூட்ஸைக் கழற்றிவிட்டு. போன வாரமும் வந்தாள். பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு, "எப்படி இருக்கீங்க, தோன்யா?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கேன். ரொம்ப நல்லா இருக்கேன்" என்றேன். "முன்கதவுப் பக்கம் பனி அப்படியே கிடக்கு. அதை நீ வார வேண்டாம்."